சாமியாரிடம் எல்லாவற்றையும் கேட்கும் ஊர்

1544ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் பிரான்சிஸ் சவேரியார் ஆலந்தலையில் இருந்தார். அங்கிருந்து தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவர் எழுதிய சிறு கடிதமொன்று இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அதில் இறையியல் எதையும் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுகீசியக் கேப்டனின் கப்பலும் வீடும் எரிக்கப்பட்டுவிட்டன, அவர் தீவுக்குத் தப்பியோடிவிட்டார், புன்னைக்காயல் ஆட்களைத் திரட்டித் தோணிகளில் உணவும் முக்கியமாகக் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு உடனே போங்கள் என்பதே அதன் சாரம். அந்தக் கேப்டனோடு சவேரியாருக்குக் கடும் மனக்கசப்பு இருந்ததை அவருடைய பிற கடிதங்கள் காட்டுகின்றன. ஆனாலும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது எண்ணம் இருக்கவில்லை.

ஆலந்தலைக் கரையில் பிறந்து, பிழைப்பை முன்னிட்டு வெவ்வேறு ஊர்களில் சிதறி, புத்தகம் படிக்கிற பழக்கத்தால் மட்டும் ஒருவரையொருவர் மறுபடி கண்டுகொண்ட நாங்கள் சிலர், இந்தக் கடிதத்தைப் பற்றி அடிக்கடி பேசிக்கொள்வதுண்டு. எங்கள் கரையில் முதன்முதலாகத் தங்கிய சாமியாரே தோணிக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்கிறவராகத்தான் இருந்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகள் நிறையப்போகிற இந்த நாளிலும் எங்கள் ஊர்கள் சாமியாரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்கிற பொருள்களின் பட்டியல்தான் நீண்டுவிட்டது. ஒரு மனிதரால் சுமக்கக்கூடிய பட்டியலா அது என்பதே எங்கள் கேள்வி.

*

திருச்செந்தூருக்குத் தெற்கே, கல்லாமொழிக்கும் மணப்பாட்டுக்கும் போகும் வழியில், கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர் ஆலந்தலை. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று பரதவரின் ஏழு கடற்துறைகளை எண்ணும்போது இதையும் சேர்த்தே எண்ணுவார்கள். முத்துக்குளித்துறை என்று பெயர். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று இருப்பது இயந்திரம் பொருத்திய வல்லம், வலை, கடன், கடல் அரிப்பு.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பங்குத்தந்தையின் வாரம் எப்படிக் கழிகிறது என்பதை வெளியூர் வாசகர் அறிய வாய்ப்பில்லை. காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தவுடன் ஒருவர் காத்திருப்பார். மகனுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். அடுத்தவருக்கு ஞானஸ்நானச் சான்று, அதிலும் தாத்தாவின் பெயர் பதிவேட்டில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். பத்து மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். விசைப்படகு வலையை அறுத்துவிட்டது, இரு ஊர்க்காரர்களும் கடலில் மோதிக்கொண்டார்கள், சாமியார் வந்து ஆட்களை அடக்க வேண்டும். பிற்பகலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம். மாலையில் கணவனின் குடியைத் தாங்கமாட்டாத ஒரு பெண் அறைவீட்டுத் திண்ணையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். இரவில் திருவிழாக் கணக்கு. இவற்றுக்கு நடுவே நோயாளிக்கு அவஸ்தைப் பூசுதல், மறுநாள் அடக்கம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்.

குருமடத்தில் அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மெய்யியலும் இறையியலும் விவிலியமும் படித்தவர். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பை வாசித்து ஆட்சேபம் எழுதவோ, கடன்பட்ட குடும்பத்தின் வட்டியைக் கணக்கிடவோ, மதுவுக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை தேடவோ யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. மக்கள் அவர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையே அவருடைய ஒரே தகுதி. சில ஆண்டுகளில் மாறுதல் உத்தரவு வரும். அவர் கற்றுக்கொண்டவை அவரோடு போய்விடும். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்குவார்.

*

பழைய காலத்திலும் இப்படித்தான் இருந்ததா என்று பார்த்தால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

1535 முதல் 1537க்குள் பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமை குறித்த மோதலில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடியபோது நிகழ்ந்த மாற்றம் அது. சவேரியார் 1542இல்தான் வந்தார். வந்தவருக்கு விரைவிலேயே ஒன்று விளங்கிவிட்டது: ஊர்கள் பல, குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆகவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிறப்பை எழுதிவைப்பது, திருமணத்துக்குத் தடை உண்டா என்று விசாரிப்பது, பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுப்பது, கோயிலைப் பேணுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை அரசியிடமே கேட்டு வாங்கினார். ஊர் விவகாரங்களுக்குப் பட்டங்கட்டிகள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஜாதித்தலைவர் இருந்தார். சாமியார் இவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறார், இவர்களை நம்பியும் இருந்திருக்கிறார்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. கோயில்கள் பறிக்கப்பட்டன, குருக்கள் விரட்டப்பட்டார்கள், பல்தேயுஸ் என்ற சீர்திருத்த சபைப் போதகர் மக்களைத் தம் பக்கம் இழுக்க முயன்றும் தோற்றார். பிறகு 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டு, நெடுங்காலம் குருக்கள் பஞ்சம் நிலவியபோதும் கரை கலையவில்லை. சாமியார் இல்லாமலே ஜெபமும் அடக்கமும் திருவிழாவும் நடந்திருக்கின்றன. தூத்துக்குடி பனிமய மாதாவின் தங்கத்தேர் 1806இல் ஓடத் தொடங்கியபோது அதைச் செய்தளித்தவர் ஜாதித்தலைவர்தான்.

அண்டிரிக் அடிகளாரைப் பற்றியும் இங்குச் சொல்லியாக வேண்டும். அவர் தமிழில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ (1578) தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்நூல் யாருக்காக அச்சிடப்பட்டது என்பதை அவ்வளவாக யோசிப்பதில்லை. சாமியார் கூடவே இருக்க முடியாத ஊர்களில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகவே அது வந்தது என்று நினைக்கிறோம். அச்சுநூலும் ஒருவகையில் கணக்கப்பிள்ளைதான்.

1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் என்ற இந்தியரே ஆயரானார். லத்தீன் முறைத் திருச்சபையில் அண்மைக்கால இந்தியாவில் அது முதல் முறை. நிறுவனம் வளர்ந்தது, பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன, பெரும்பாலான ஊர்களில் குருக்கள் தங்கினார்கள். அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தாம் நாங்களும். ஆனால் அதே காலத்தில் பட்டங்கட்டியும் ஜாதித்தலைவரும் மங்கிப்போனார்கள், கணக்கப்பிள்ளை உபதேசியாராகிக் கோயில் மணி அடிப்பவராகச் சுருங்கினார். அவர்கள் சுமந்த அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் தோளில் வந்து இறங்கியது.

*

இலக்கிய வாசகர்களுக்கு எங்கள் கரை அறிமுகமானதுதான். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மணப்பாட்டுக் கரையில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையிலான பகையைச் சொல்லியது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) காகு சாமியார் என்ற மறக்க முடியாத குருவைத் தந்தது. சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அவருடைய ‘கொற்கை’ குருக்களும் ஊர்ப் பெரியவர்களும் பின்னிக்கிடந்த நூற்றாண்டைக் காட்டியது. நல்ல சாமியார், கெட்ட சாமியார் என்ற பாகுபாட்டோடு இந்நாவல்களை வாசித்துவிட்டு நகர்வது எளிது. ஊர் ஒரே ஆளை நம்பி நிற்கும்போது அவர் நல்லவராக இருந்தாலும் ஆபத்துதான் என்பதே நாங்கள் அவற்றில் கண்டது. நல்லவர் மாறுதலாகிப் போன மறுநாள் ஊர் அனாதையாகிவிடுகிறது.

நடைமுறையில் இது எங்கே முட்டுகிறது? முதலில் பணத்தில். பிடிபட்ட மீனின் விலையில் கோயிலுக்கென்று ஒரு பங்கு, தலைக்கட்டு வரி, திருவிழா வசூல், வெளிநாட்டில் இருப்பவர்களின் நன்கொடை என்று பல வழிகளில் பணம் வருகிறது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி பங்கின் சட்டப்படியான பிரதிநிதி பங்குத்தந்தை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். மேய்ப்புப்பணிக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். ஊரின் வழக்கமோ வேறு. கோயிலைக் கட்டியது எங்கள் பாட்டன், கணக்கைக் கேட்பது எங்கள் உரிமை என்று ஊர்க் கமிட்டி சொல்லும். இரண்டுமே நியாயம்தான். இரண்டுக்கும் நடுவே எழுதப்பட்ட ஒப்பந்தம் ஏதும் இல்லாததால் சாமியாரின் சுபாவமும் கமிட்டித் தலைவரின் சுபாவமும் ஒத்துப்போனால் ஊர் அமைதியாக இருக்கும், இல்லையென்றால் திருவிழா நிற்கும். எங்கள் கரையில் ஒரு திருவிழா நின்றுபோவது என்றால் என்னவென்று பிறருக்குப் புரியவைப்பது கடினம். அந்த ஆண்டு பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் பேசிக்கொள்ளாது.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர்களில் அன்று கடலுக்குப் போவதில்லை. ஓய்வு, திருப்பலி, வலை பொத்துதல் என்று அந்த நாளுக்கு ஓர் அழகு உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததை எங்கள் முதியவர்கள் இன்றும் பலவிதமாகப் பேசுவார்கள். ஆனால் எண்ணெய் விலையும் எஞ்சின் கடனும் ஏறிய நாளிலிருந்து, காற்றில்லாத ஒரு நல்ல ஞாயிறு வீணாகிறதே என்று இளைஞர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதற்குச் சாமியார் என்ன பதில் சொல்வார்? தடையை நீக்கினால் பெரிய முதலாளி மட்டும் ஏழு நாளும் மீன் அள்ளுவான். நீக்காவிட்டால் கடன்காரன் தவணைக்கு ஞாயிறு விடுமுறை தரமாட்டான். இது மறையுரையில் தீர்கிற விஷயமன்று. மீன்பிடிப் பொருளாதாரம் தெரிந்தவர்களும் வலை பிடிப்பவர்களும் கூடிப் பேசி முடிவுகாண வேண்டியது.

*

இவற்றையெல்லாம் விடக் கனமான சுமை ஒன்று கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்து சேர்ந்திருக்கிறது. பெருந்திட்டங்கள் எல்லாம் எங்கள் கரையைத் தேடியே வருகின்றன. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011இல் மூண்ட போராட்டத்துக்கு இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகமே களமாயிற்று. 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். குருக்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. அதே ஆண்டு தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புடைய சமூகப்பணி அமைப்பின் வெளிநாட்டு நிதிக் கணக்கு முடக்கப்பட்டது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடியில் திரண்டவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்கள் ஒரே மதத்தவர்கள் அல்லர். ஆயினும் திருச்சபையே தூண்டிவிட்டது என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. ஆலை மூடப்பட்டது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு முற்றாக ஓயவில்லை.

ஆலந்தலைக்கு மிக அருகில், கல்லாமொழியில், உடன்குடி அனல்மின் திட்டத்துக்கான நிலக்கரி இறங்குதுறை கடலுக்குள் நீண்டிருக்கிறது. வலை விரித்த இடம், மீன் வரும் வழி, கரையின் மணல் நகர்வு எல்லாவற்றையும் அது தொடுகிறது என்பது மீனவர்களின் முறையீடு. இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏவும் நாள்களில் எவ்வளவு கடல் மூடப்படும், அந்த நாளின் கூலியை யார் தருவார் என்ற கேள்வி கரையெங்கும் இருக்கிறது. இதற்கிடையே அலை ஊரைத் தின்கிறது. தூண்டில் வளைவு கேட்டு 2023இல் அமலிநகர் மீனவர்கள் நாள்கணக்கில் கடலுக்குப் போகாமல் இருந்தார்கள்.

ஒவ்வொன்றிலும் அதிகாரிகள் முதலில் தேடி வருவது பங்குத்தந்தையைத்தான். ஊரைக் கூட்டித் தாருங்கள், அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். ஊரும் அவரையே தேடுகிறது. எங்களுக்காகப் பேசுங்கள், முன்னால் நில்லுங்கள். பேசினால் அந்நியக் கைக்கூலி என்ற பட்டம். பேசாமலிருந்தால் விலைபோய்விட்டார் என்ற பட்டம். இதில் எங்களுக்குப் பெரிய வேதனை என்னவென்றால், ஒரு மீனவர் தம் கடலைப் பற்றிச் சொல்வதற்கு இருக்கிற இயல்பான உரிமை இதனால் மறைந்துபோகிறது. கடல் மணலின் ஓட்டத்தை அறிந்தவர் அவர். வாதம் சாமியார் வாயிலிருந்து வந்துவிட்டால் எதிர்த்தரப்புக்கு அதை மதப்பிரச்சினையாக்க அரை நிமிடம் போதும்.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் கண்டிருக்கிறோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கரையைச் சூறையாடியபோது, காணாமற்போனவர்களின் பட்டியல் பங்குகளில்தான் வீடுவீடாக எடுக்கப்பட்டது. அரசின் எண்ணிக்கையைத் திருத்தியது அந்தப் பட்டியல்தான். எந்த வீட்டில் யார் கடலுக்குப் போனார், எந்த வள்ளத்தில் எத்தனை பேர் என்று அறிந்தவர்கள் அன்பியக் குழுப் பெண்களும் உபதேசியார்களும் பீடச்சிறுவர்களும். சாமியார் அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு முன்னால் நின்றார். கணக்கப்பிள்ளையின் வேலை அங்கே மறுபடி உயிர் பெற்றது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி எங்கள் மாவட்டமே மிதந்தபோதும் படகை எடுத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போன மீனவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.

*

சபையின் பக்கத்திலும் மாற்றங்கள் ஏராளம். இளைஞர்கள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். திருமணத்துக்கு ஓலை வாசிக்கும்போது எந்தப் பங்கில் வாசிப்பது என்றே தெரியவில்லை, பெண் ஓரிடம், பையன் கடல் நடுவே. 2020இல் பெருந்தொற்றால் கோயில்கள் பூட்டப்பட்டு, பெரிய வெள்ளியும் பாஸ்காவும் கைபேசித் திரையில் கழிந்தன. திறந்த பிறகு சிலர் திரையிலேயே தங்கிவிட்டார்கள். வேறு சிலர் சிறு ஜெபக்கூட்டங்களுக்குப் போகிறார்கள். ஏன் போனாய் என்று கேட்டால் கோட்பாட்டு விளக்கம் ஏதும் சொல்வதில்லை. அங்கே என் பெயர் தெரியும், என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வருகிறார்கள் என்பதே பெரும்பாலும் பதில். காலையிலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த சாமியாரால் எப்படி வீட்டுக்கு வர முடியும்? ஊர்த்தலைவராக அவர் எவ்வளவு நேரம் செலவழிக்கிறாரோ அவ்வளவு நேரம் மேய்ப்பர் என்ற பணியிலிருந்து குறைகிறது.

நம்பிக்கை பற்றியும் பேசாமல் விட முடியாது. குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து உலகத் திருச்சபை கடந்து வந்த வேதனையை அனைவரும் அறிவோம். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் புகார் ஏற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமோ அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்கிறது. கிராமத்தில் இதைச் சொல்வதே அவமரியாதை என்று நினைக்கும் முதியவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பின் கதவு திறந்திருக்க வேண்டும், புகார் எண் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நல்ல குருக்களுக்கும் அதுவே காவல்.

*

2035ஐ ஒட்டிக் கரையெங்கும் ஐந்நூறாம் ஆண்டு விழா வரும். கொடிமரம் வரும், மலர் வரும், மலரில் வாழ்த்துச் செய்தி வரும். அதற்குள் சில சிறு காரியங்கள் நடந்தால் போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கோயில் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பலிக்குப் பின் வாசிக்கப்படட்டும், சிறு தொகையும் விடுபடாமல். நிதிக்குழுவும் ஊர்க்கமிட்டியும் எதெது யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும், அடுத்த சாமியார் வரும்போது அந்தத் தாள் அவருக்காக மேசைமேல் இருக்கட்டும். ஊரின் பாதிப்பேர் பெண்கள். மீன் விற்பவர்களும் சீட்டுக் கட்டுபவர்களும் அவர்களே. கமிட்டியில் அவர்களுக்கு இடம் இருக்கட்டும். அனல்மின் திட்டம் பற்றியோ ஏவுதளம் பற்றியோ அதிகாரி வந்தால் அவரைச் சந்திக்க மீனவர் குழு ஒன்று இருக்கட்டும், சாமியார் விரும்பினால் பின்வரிசையில் உட்காரட்டும். வெளியூரில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் கொடிக்குப் பணம் அனுப்புவதோடு அந்தக் குழுவுக்கு ஆவணம் படித்துச் சொல்லவும் மனு எழுதிக்கொடுக்கவும் செய்யலாம். எங்களில் வழக்கறிஞர் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், வங்கியில் இருப்பவர் இருக்கிறார்.

இது குருத்துவத்தைக் குறைப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். எங்கள் எண்ணம் அதற்கு நேர்மாறானது. சாவு வீட்டில் இரவு முழுதும் உட்கார்ந்திருக்கவும், கடலில் மகனை இழந்தவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவும், ஒரு பிள்ளையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும் ஊரில் ஒருவருக்காவது நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாங்கள் அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம். தோணியும் தண்ணீரும் எங்கள் பொறுப்பாக இருக்கட்டும். தோணி எப்போதும் எங்களுடையதாகத்தான் இருந்தது.